ஹார்டுவேர் கடை பைப்பில் காருக்கு ஏர் இன்டேக்... வேலூர் வெயிலுக்குத் தாங்குமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பழைய கார் வைத்திருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் சித்திரை, வைகாசியில் இந்த அனுபவம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. காலையில் ஷூ கம்பெனி ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது சும்மா பறக்கிற அதே கார், மதியம் இரண்டு மணிக்கு ஏ.சி போட்டு நாலு பேரை ஏற்றினால் இழுக்கவே மாட்டேன் என்கும். ஹைவேயில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்யக்கூட இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கும்.

உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்வார். "அண்ணே, அந்த டப்பாவைக் கழற்றிப் போடுங்க. ஹார்டுவேர் கடையில ஒரு பி.வி.சி பைப், ரெண்டு எல்போ, நாலு கிளாம்ப் வாங்கி, முனையில ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டுங்க. பிக்கப் சும்மா அள்ளும்!"

யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவில் வீட்டு கராஜில் கார் நோண்டுகிறவர்கள் பிளம்பிங் பைப்பிலும், துணி உலர்த்தும் மெஷினின் டக்ட்டிலும் இதைப் பல வருடங்களாகச் செய்து பார்த்துவிட்டார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, இன்ஜினையே காலி செய்யக்கூடியது. எது எந்தப் பாதி என்பதைப் பார்த்துவிடலாம்.

ஒரு நிமிஷத்துக்கு ஒரு தண்ணீர் டேங்க்

நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லாத விஷயம். கொல்லன் பட்டறைத் துருத்தி தோலில் செய்ததுதானே! காற்றைத் தோல் பைக்குள் அடக்கி உலைக்கு ஊட்டினால்தான் இரும்பு பழுக்கும். கார் இன்ஜினும் ஓர் உலைதான். என்ன, இங்கே துருத்தி வேலையைப் பிஸ்டனே பார்த்துக்கொள்கிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மொத்தக் கொள்ளளவும் நிரம்பும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தினால், சுமார் 1,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். அதாவது, உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்பு டேங்க் ஒன்றின் அளவு, நிமிஷத்துக்கு நிமிஷம்!

எடைக்கணக்கில் 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேலே காற்று. நாம் பெட்ரோல் விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்ஜினுக்குக் காற்றுதான் முக்கியச் சாப்பாடு, பெட்ரோல் தொட்டுக்கொள்ள!

பைப் அல்ல, சூடுதான் பிரச்னை

இன்ஜினுக்குத் தேவை காற்றின் எடை. ஆனால் சூடானால் காற்று விரிந்து லேசாகிவிடும். 40 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.13 கிலோ. அதே காற்று 70 டிகிரிக்குப் போனால் சுமார் 1.03 கிலோ. கிட்டத்தட்ட 9 சதவிகிதம் அவுட்! முழு ஆக்ஸிலரேட்டரில் உங்கள் இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும்.

இதை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போனால் காற்று அடர்த்தி குறைவதால் கார் கொஞ்சம் சோர்ந்துபோகும். பானெட்டுக்குள் இருக்கும் 70 டிகிரி காற்றை இன்ஜினுக்குக் கொடுப்பது, ஆம்பூர் பஜாரில் ஓட்டிக்கொண்டே ஏலகிரி உச்சியில் ஓட்டுகிற மாதிரி. கஷ்டம் மட்டும்தான் மிச்சம், குளிர்ச்சி கிடையாது!

இப்போது அந்த 'கூம்பு ஃபில்டர்' யோசனையைத் திரும்பிப் பாருங்கள். டப்பாவைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை ரேடியேட்டருக்குப் பின்னால் திறந்து விட்டால், அது எந்தக் காற்றை இழுக்கும்? ரேடியேட்டர் ஃபேன் தள்ளிய சுடுகாற்றைத்தான். கம்பெனி கொடுத்த டப்பா அசிங்கமாக இருக்கலாம். ஆனால் அதன் 'மூக்கு', பெரும்பாலான கார்களில் கிரில்லுக்குப் பின்னாலோ ஹெட்லைட் ஓரத்திலோ வெளிக்காற்று வரும் இடத்தில்தான் இருக்கும். காசு கொடுத்துத் தேடுகிற 'கோல்டு ஏர் இன்டேக்' உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் உண்மை.

'கூம்பு மாட்டினதும் வண்டி சீறுதே' என்பீர்கள். சீறும். டப்பா அடக்கி வைத்திருந்த சத்தம் வெளியே வருகிறது. காதுக்குப் பவர் கூடிய மாதிரி இருக்கும். ஆனால் சத்தம் கூடியதால் லாரியை முந்திவிட முடியாது.

அப்போ பழைய கார் ஏன் மந்தமாகிறது? பல கார்களில் அந்த மூக்குக் குழாய் உடைந்திருக்கும். அல்லது என்றைக்கோ நடந்த ரிப்பேரில் கழற்றி, திரும்ப மாட்டாமலே விட்டிருப்பார்கள். டப்பா பானெட்டுக்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்த மூக்கைச் சரிசெய்யத்தான் ஹார்டுவேர் கடை உதவும்.

ஃபில்டருக்கு முன்னே, ஃபில்டருக்குப் பின்னே

தோல் தொழிற்சாலையில் பஃபிங் செக்‌ஷனைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மெஷினிலிருந்து தோல் தூசியை இழுத்துக்கொண்டு போகும் பைப்பில் சின்ன ஓட்டை இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூசியைப் பிடிக்கிற பையே கிழிந்தால்தான் வம்பு.

காரிலும் அதே கதைதான். காற்றுப் பாதையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்று உள்ளே நுழையும் இடத்திலிருந்து ஃபில்டர் வரை ஒரு பகுதி. ஃபில்டரிலிருந்து இன்ஜின் வரை இன்னொரு பகுதி.

முதல் பகுதியில் ஒரு விரிசல் இருந்தால் கொஞ்சம் சூடான காற்று கலக்கும், அவ்வளவுதான். என்ன தூசி வந்தாலும் அடுத்து ஃபில்டர் இருக்கிறது. இரண்டாவது பகுதியில் நூல் அளவு இடைவெளி இருந்தாலும், அங்கே உறிஞ்சும் அழுத்தம் இருப்பதால் புழுதியை நேராக உள்ளே இழுக்கும். சென்னை-பெங்களூரு ஹைவேயின் சர்வீஸ் ரோட்டுப் புழுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மண் துகள் என்பது உப்புத்தாளில் இருக்கிற சரக்கு மாதிரிதான். சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்த்துக்கொண்டே இருக்கும். இன்றைக்குத் தெரியாது. ஒருநாள் சைலன்ஸரில் நீலப் புகை வரும்போதுதான் தெரியும். அப்போது செலவு நூற்றுக்கணக்கில் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குப் பயன்படுத்தும் சாதாரண யு.பி.வி.சி பைப் 80 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பித்துவிடும். இன்ஜின் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். சுடுதண்ணீருக்கான சி.பி.வி.சி கொஞ்சம் கூடுதலாக, 90 டிகிரி வரை தாங்கும். ஆனாலும் ஜாயின்ட் அசைந்தால் தூசிக்கு வழி திறந்துவிடும். ஃபில்டருக்குப் பின்னால் அறுத்த பைப்பின் ஒரு பிசிறு உடைந்தாலும் அது போய்ச் சேருகிற இடம் வால்வுதான்.

அதனால் ஒரே விதி: ஃபில்டருக்கு முன்னால் ஹார்டுவேர் கடை, ஃபில்டருக்குப் பின்னால் கம்பெனி பார்ட் மட்டும். அந்தப் பக்கம் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால், ஸ்பேர் கடையில் அதே மாடலுக்கான ஹோஸை வாங்கிப் போடுங்கள். டேப் சுற்ற வேண்டாம்.

முதலில் அளந்து பாருங்கள்

வேலையை ஆரம்பிப்பதற்கு முன், உங்கள் காருக்கு இது தேவைதானா என்று பார்த்துவிடுங்கள். மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் வைக்கிற, வயருடன் கூடிய சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 100 டிகிரிக்கு மேல் காட்டும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். அதன் வயர் முனையை டப்பாவின் மூக்கு வாயில் கட்டி, வயரை ஃபேனிலும் பெல்ட்டிலும் சிக்காமல் கொண்டுவாருங்கள். பின்பு ஆம்பூரிலிருந்து வேலூர் வரை, சுமார் 50 கிலோமீட்டர், ஹைவேயில் ஒரு ரவுண்டு. பக்கத்து சீட்டில் இருப்பவர் அளவைக் குறித்துக்கொள்ளட்டும். கொஞ்சம் புது காராக இருந்தால், ஓ.பி.டி ஸ்கேனர் மாட்டினால் இன்டேக் காற்றின் வெப்பத்தை மொபைலிலேயே பார்க்கலாம்.

ஹைவே வேகத்தில், வெளி வெப்பத்தைவிட 5 டிகிரி வரைதான் கூடுதலாகக் காட்டுகிறதா? உங்கள் காரின் மூக்கு நன்றாக இருக்கிறது. எதையும் தொடாதீர்கள். புது ஃபில்டர் மட்டும் மாற்றிவிட்டு, மிச்சப் பணத்தில் பிரியாணி சாப்பிடுங்கள். 15, 20 டிகிரி கூடுதலாகக் காட்டினால் மேலே படியுங்கள். சிக்னலில் நிற்கும்போது எந்தக் காரிலும் சூடு ஏறும். அந்த அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

முதலில் ஸ்பேர் கடையில் ஒரிஜினல் மூக்குக் குழாய் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அதுதான் பெஸ்ட். மாருதி 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. இதுபோன்ற கார்களுக்குக் கிடைக்காமல் போனால் கீழே உள்ளவை போதும்.

* 63 அல்லது 75 மி.மீ. பி.வி.சி பைப், ஒன்று இரண்டு அடி. இது கிரில் பக்கத்துக்கு, அதாவது சூடு படாத பகுதிக்கு மட்டும்.
* 45 டிகிரி பெண்டு இரண்டு. 90 டிகிரி எல்போ வேண்டாம்.
* ஒரு ரெடியூசர். குழாயின் வாயாக வைக்க.
* கிச்சன் சிம்னிக்குப் போடும் அலுமினிய ஃபிளெக்ஸிபிள் பைப், சின்னத் துண்டு. இன்ஜினுக்கு அருகில் வரும் பகுதிக்கு. சிம்னி அளவு பெரிதாக இருந்தால் குறைக்க இன்னொரு ரெடியூசர்.
* ஸ்க்ரூ வைத்த ஹோஸ் கிளாம்ப் நான்கு, பாடியில் பிடிக்க இரும்பு கிளாம்ப் இரண்டு.
* கோழிக்கூண்டுக் கம்பிவலை, உள்ளங்கை அளவு. கொசு வலை வேண்டாம், ஒரே வாரத்தில் பூச்சியும் தூசியும் அடைத்துவிடும்.

பைப் அளவு எப்படித் தெரியும்? டப்பாவின் வாயைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து, 3.14-ஆல் வகுங்கள். நூல் 20 செ.மீ. என்றால் விட்டம் சுமார் 64 மி.மீ. நீங்கள் போடும் பைப் இதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. கொஞ்சம் பெரிதாக இருந்தால் தப்பில்லை.

வேலை இப்படித்தான்

1. வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், ஹெட்லைட் உயரத்தில். ரேடியேட்டருக்குப் பின்னால் கூடாது. பம்பருக்குக் கீழே கூடவே கூடாது. காரணம் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

2. குழாயின் வாயில் ரெடியூசரின் அகலமான பக்கம் வெளியே பார்த்திருக்கட்டும். காற்று கூரான விளிம்பில் மோதினால் சுழலும். புனல் மாதிரி மெதுவாகக் குறுகினால் சுலபமாக நுழையும். இதன் அருமை, வேலூர் வி.ஐ.டி-யில் 'பிரவேகா ரேசிங்' மாணவர் குழுவைப் போல ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்குக் கார் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்தப் போட்டியின் விதிப்படி, பெட்ரோல் காரின் இன்ஜினுக்குப் போகும் காற்று மொத்தமும் 20 மி.மீ. ஓட்டை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். ஓட்டையைப் பெரிதாக்க முடியாது என்பதால், அதற்கு முன்னும் பின்னும் குழாய் எவ்வளவு மெதுவாகக் குறுகி விரிய வேண்டும் என்பதில்தான் குழுக்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும். எல்போவுக்குப் பதில் இரண்டு பெண்டு போடச் சொன்னதும் இதனால்தான்.

3. பைப்பை அறுத்ததும் உள்ளே வெளியே உப்புத்தாள் போட்டு, பிசிறு இல்லாமல் தேய்த்து, தண்ணீரில் கழுவிக் காயவைக்கவும். பி.வி.சி சொல்யூஷன் போட்டு ஒட்டுவதாக இருந்தால், காருக்கு வெளியே ஒட்டி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதே என்று செருப்புப் பசையைத் தொட வேண்டாம். சூட்டில் இளகும், ஈரமாக இருக்கும்போது அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

4. டப்பா இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கும் கார்களில், ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது இன்ஜினோடு டப்பாவும் ஆடும். கட்டையான பைப் நேராக மாட்டினால் ஏதாவது ஒன்று உடையும். அங்கே அந்த ஃபிளெக்ஸிபிள் துண்டு கட்டாயம்.

5. பைப்பைப் பாடியோடு இரும்பு கிளாம்பில் பிடியுங்கள். இடையில் சோல் ரப்பர் ஷீட் துண்டு ஒன்றை வைத்தால் கடகட சத்தம் வராது. ஆம்பூரில் இதற்கா பஞ்சம்! பிளாஸ்டிக் டை மட்டும் நம்பினால், சூட்டில் காய்ந்து ஒருநாள் பட்டென்று விடும்.

6. குழாயின் மிகத் தாழ்வான இடத்தில், அடிப்பக்கம் 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மழைச்சாரல் உள்ளே வந்தால் வழிந்துவிடும். ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால் இந்த ஓட்டையால் ஆபத்து இல்லை.

7. எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு ஜாணாவது தள்ளியிருக்கிறதா, ஃபேனும் பெல்ட்டும் உரசாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, மறுபடியும் அதே நேரத்தில், அதே ரோட்டில் தெர்மாமீட்டரோடு ஒரு ரவுண்டு. எண் குறைந்திருந்தால் வேலை முடிந்தது.

மழைக்காலத்தை மறக்காதீர்கள்

வாய் கீழே இருக்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். பம்பருக்குக் கீழே குளிர்ந்த காற்று நிறையவே கிடைக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ரயில்வே சப்வேயில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது, அதே வாய் தண்ணீரைக் குடிக்கும். பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கிறது என்று நினைத்திருந்தவர்களுக்கு 2021 நவம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால், மேலே வரும் பிஸ்டனுக்கு இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். இப்படி ஆன சேதத்தைச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி பெரும்பாலும் ஏற்காது. 'இன்ஜின் புரொடெக்‌ஷன்' என்ற கூடுதல் கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், தயவுசெய்து மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக்கொண்டு வருவதுதான் மலிவு.

யார் இதைச் செய்யவே கூடாது?

வாரன்ட்டியில் இருக்கும் கார், பி.எஸ்-6 கார், டர்போ டீசல்... இந்த மூன்றையும் வைத்திருப்பவர்கள் ஹார்டுவேர் கடைப் பக்கம் போகவே வேண்டாம். டர்போ கார்களில் உறிஞ்சும் வேகம் அதிகம். காற்றை அளக்கும் சென்சார்களும் நுணுக்கமானவை. குழாய் மாறினால் கணக்கு தப்பி, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். வாரன்ட்டி கேட்டுப் போனால், 'நீங்க கை வெச்சிட்டீங்களே சார்' என்பார்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. வண்டியின் ஆர்.சி-யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. உடைந்த மூக்குக் குழாய்க்குப் பதில் இன்னொன்றைப் போடுவது பழுது பார்ப்பது. டப்பாவையே தூக்கிவிட்டு ரோட்டில் சீறுவது வேறு விஷயம்.

மைலேஜ் கூடுமா?

கடைசியாக, எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. கூடாது. குளிர்ந்த காற்று கொடுப்பது, வெயிலில் இழந்த இழுவையைத்தான். சூட்டில் இன்ஜின் 'டிக் டிக்' என்று நாக்கிங் அடிப்பதும் குறையும். மைலேஜுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

ஃபில்டர் விஷயத்திலும் இப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், அடைத்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடவில்லை, பிக்கப்தான் திரும்பி வந்தது. கார்பரேட்டர் வைத்த பழைய கார்களில் மட்டும் 2 முதல் 6 சதவிகிதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்கிறார்கள்.

ஆகவே, செலவு செய்யும் வரிசை இதுதான். முதலில் புது பேப்பர் ஃபில்டர், அதுவும் புழுதி ரோட்டில் ஓடும் காருக்குக் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே. அடுத்து, ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒரு பார்வை. மூன்றாவதாகத்தான் மூக்குக் குழாய். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கார் கழுவும்போது பானெட்டைத் திறந்து அந்த மூக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், எந்தக் கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.